திறன்பேசியும் வாகனத்தின் முன்பலகையும்: இணக்கப்பாடு பற்றிய ஒரு நோக்கு

தொழினுட்பப் பொருள்கள் இரண்டு ஒன்றோடொன்று பொருந்துவதும் பொருந்தாமற் போவதும் அவற்றின் அமைப்பினால் நேர்வன என்றே பொதுவாகக் கருதப்படுகின்றன. பூட்டுக்குச் சாவி பொருந்துவது போல இதுவும் அளவு பற்றிய விடயமாகவே கொள்ளப்படுகின்றது. ஆயின், கடந்த இரு தசாப்தங்களில் மோட்டார் வாகனத்துக்கும் திறன்பேசிக்கும் இடையே வளர்ந்துள்ள உறவினை நுணுகி நோக்குமிடத்து இக்கருத்து முழுமையானதன்று என்பது புலனாகும். ஒரே வாகனமும் ஒரே பேசியும் நேற்று இணங்கி இன்று இணங்காமற் போகலாம். பொருள்களில் மாற்றம் எதுவும் நிகழாதிருக்க, அவற்றுக்குப் பின்னால் உள்ள நிறுவனங்களின் தீர்மானம் மாறியிருத்தலே இதற்குக் காரணமாகும்.

இக்கட்டுரையில் 'முன்பலகைச் சாதனம்' என்பது, ஓட்டியின் முன்னே உள்ள பலகையின் நடுவிற் பொருத்தப்பட்டு, வானொலி, இசை, தொலைபேசி, வழிகாட்டிப் படம் முதலியவற்றை ஒரே திரையில் ஒருங்கிணைக்கும் சாதனத்தைக் குறிக்கும். நம்மவர் வழக்கில் இது வெறுமனே 'செட்' எனப்படும். 'இணக்கப்பாடு' என்பது, ஓட்டி தன் கைவசமுள்ள திறன்பேசியை அச்சாதனத்தோடு இணைத்து, பேசியின் சேவைகளை வாகனத்தின் திரை, ஒலிபெருக்கி, ஒலிவாங்கி ஆகியவற்றின் வழியாகப் பயன்படுத்தக்கூடிய நிலையைக் குறிக்கும்.

இவ்விணக்கப்பாடு எவ்வாறு செயற்படுகின்றது, அதனைத் தீர்மானிப்பவர் யாவர், அது குலையும்போது அதன் சுமையை ஏற்பவர் யாவர் என்ற மூன்று வினாக்களுக்கு விடைகாண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. திறந்த துவாரம்

மோட்டார் வாகனத்தில் வானொலி பரவலாக இடம்பெறத் தொடங்கியமை 1930களுக்கு உரிய நிகழ்ச்சியாகும். சிக்காகோவில் போல் கல்வினின் நிறுவனம் 1930 ஆம் ஆண்டு 'மோட்டரோலா' என்னும் பெயருடன் விற்பனைக்கு விட்ட வாகன வானொலி, வணிக வெற்றி பெற்ற முற்பட்ட வாகன வானொலிகளுள் ஒன்றாகும். பிற்காலத்தில் வாகன வானொலியின் வரலாற்றில் நிகழ்ந்த முக்கியமான மாற்றம் ஒலியின் தரத்தோடு தொடர்புடையதன்று. அது துவாரத்தின் அளவோடு தொடர்புடையது. ஜேர்மனிய நியமமாகத் தோன்றிய ஓர் அளவு, 1984 ஆம் ஆண்டு ஐ.எஸ்.ஓ. 7736 என்ற சர்வதேச நியமமாயிற்று. முகப்பில் 180 மி.மீ. அகலமும் 50 மி.மீ. உயரமும் கொண்ட நீள்சதுரத் துவாரமே அந்நியமத்தின் சாரமாகும். பின்னர் இதன் இருமடங்கு உயரமுடைய துவாரமும் வழக்கில் வந்தது.

எளிமையான இந்நியமத்தின் சமூக விளைவுகள் பெரியன. ஒரு நாட்டில் உற்பத்தியான வாகனத்தில் இன்னொரு நாட்டில் உற்பத்தியான வானொலியைப் பொருத்த முடிந்தது. ஒலிநாடாவின் காலம் முடிந்து இறுவட்டின் காலம் வந்தபோது, வாகனத்தை மாற்றாமலே சாதனத்தை மாற்ற முடிந்தது. நகரங்களின் ஒழுங்கைகளில் இருந்த சிறிய திருத்தகங்கள் இவ்வேலையினால் வாழ்ந்தன. இவற்றுக்கெல்லாம் வாகனக் கொம்பனியின் அனுமதியை எவரும் கேட்க வேண்டியிருக்கவில்லை. நியமம் பொதுச்சொத்தாக இருந்தமையால் இணக்கப்பாடும் பொதுச்சொத்தாக இருந்தது.

இரண்டாயிரமாம் ஆண்டுக்குப் பின்னர் இந்நிலை படிப்படியாக மாறியது. குளிரூட்டியின் கட்டுப்பாடு, பின்புற ஒளிப்படக் கருவி, வாகனத்தின் பல்வேறு அமைப்புகள் ஆகியன யாவும் முன்பலகைத் திரைக்குள் கொண்டுவரப்பட்டன. சாதனம் பலகையின் வடிவத்தோடு ஒன்றாக வார்க்கப்பட்டது. அதனைக் கழற்றினால் வாகனத்தின் வேறு பணிகளும் நின்றுபோகும் நிலை உருவாயிற்று. துவாரம் மறைந்தது; அதனோடு, எவரும் நுழையக்கூடிய வாயிலும் மறைந்தது எனலாம்.

2. இணக்கப்பாடு செயற்படும் முறை

இன்று பெருவழக்கிலுள்ள முறைகள் இரண்டு. ஒன்று அப்பிள் நிறுவனத்தின் 'கார்பிளே'. இது 2013 ஆம் ஆண்டு வேறொரு பெயருடன் அறிவிக்கப்பட்டு, 2014 மார்ச்சில் ஜெனீவா மோட்டார்க் கண்காட்சியின்போது வெளிப்படுத்தப்பட்டது. மற்றையது கூகிள் நிறுவனத்தின் 'அன்ட்ரொயிட் ஓட்டோ'. இது 2014 ஜூனில் அறிவிக்கப்பட்டு 2015 ஆம் ஆண்டு பாவனைக்கு வந்தது.

இவ்விரு முறைகளிலும் வழிகாட்டிச் செயலியோ இசைச் செயலியோ வாகனத்தில் இயங்குவதில்லை என்பதை முதற்கண் மனங்கொள்ள வேண்டும். செயலி இயங்குவது பேசியிலேயே. பேசி தான் உருவாக்கும் காட்சியைச் சுருக்கப்பட்ட ஒளிக்காட்சி ஓடையாக வாகனத்துக்கு அனுப்புகின்றது. வாகனத் திரை அதனை விரித்துக் காட்டுகின்றது. ஓட்டி திரையைத் தொடும்போது, எவ்விடத்தில் தொட்டார் என்ற செய்தி பேசிக்குத் திரும்பிச் செல்கின்றது. ஒலிவாங்கியில் விழும் குரலும் அவ்வாறே செல்கின்றது. ஆகவே, இணைப்பு நிலைக்கும் நேரத்தில் வாகனத்தின் திரை பேசியின் இரண்டாவது திரையாக மாறிவிடுகின்றது. வாகனக் கொம்பனி தன் முன்பலகையில் ஒரு விருந்தினருக்கு இடங்கொடுக்கின்றது; ஆனால் அவ்விருந்தினர் பேசத் தொடங்கிய பின்னர் வீட்டுக்காரரின் குரல் கேட்பதில்லை. பிற்கூறப்படும் முரண்பாடுகளுக்கெல்லாம் வேர் இதுவேயாகும்.

இவ்விணைப்பு நிலைபெறுவதற்கு நான்கு படிகள் ஒத்துவர வேண்டும். முதலாவது, பௌதிக இணைப்பு. யூ.எஸ்.பி. வடம் தரவினைக் கடத்தவல்லதாக இருத்தல் வேண்டும். மின்னேற்றத்துக்கு மட்டும் உரிய மலிவான வடங்களில் தரவுக் கம்பிகளே இருப்பதில்லை. இணைப்புக் கிடைக்கவில்லை என்ற முறைப்பாடுகள் பலவற்றுக்கு இதுவே காரணம். கம்பியற்ற இணைப்பில், புளூரூத் மூலம் பேசியும் வாகனமும் ஒன்றையொன்று இனங்கண்டபின், காட்சியைக் கடத்தும் பளுவான வேலை வைஃபை அலைக்கு மாற்றப்படுகின்றது. புளூரூத்தினூடு பாட்டைக் கேட்கக்கூடிய பழைய சாதனம் வழிகாட்டிப் படத்தைக் காட்டமாட்டாமைக்குக் காரணம் இவ்வேறுபாடேயாகும்.

இரண்டாவது படி நெறிமுறை. இரு பக்கங்களும் ஒரே மொழியைப் பேசவேண்டும். மூன்றாவது அனுமதி. கார்பிளேயைப் பொறுத்தவரை, முன்பலகைச் சாதனம் அப்பிள் நிறுவனத்தின் உரிமம் பெற்றது என்பதற்கான அத்தாட்சியைக் காட்டவேண்டும். வன்பொருளளவில் ஆற்றல் பெற்ற சாதனமும் அத்தாட்சி இன்றேல் இணங்கமாட்டாது. நான்காவது, பதிப்பு. பேசியின் இயங்குதளம் புதுப்பிக்கப்படும்போதெல்லாம் வாகனப் பக்கத்து மென்பொருளும் அதற்கு ஈடுகொடுக்க வேண்டும்.

இந்நான்கனுள் முதலிரண்டும் பொறியியல் சார்ந்தவை. பின்னிரண்டும் பொறியியலின் தோற்றத்தில் வரும் உரிமை உறவுகளாகும். பயனாளியின் கண்ணுக்கு நான்கும் ஒன்றாகவே தெரிகின்றன; 'இச்சாதனம் ஆதரிக்கப்படவில்லை' என்ற ஒரே வாக்கியமே திரையில் தோன்றுகின்றது.

3. பொதுமுறை காணும் முயற்சிகள்

இரு பெரு நிறுவனங்களின் மூடிய முறைகள் அன்றிப் பொதுவான முறையொன்றை உருவாக்க எவரும் முயலவில்லையா என்ற வினா எழுதல் இயல்பே. முயற்சிகள் நடந்தன. நொக்கியா நிறுவனத்தின் ஆய்வுகளிலிருந்து தோன்றிய 'மிரர்லிங்க்' என்னும் முறையை வளர்ப்பதற்கென 2011 ஆம் ஆண்டு வாகன உற்பத்தியாளரும் பேசி உற்பத்தியாளரும் கூடிய கூட்டமைப்பொன்று உருவாகியது. எந்தப் பேசியும் எந்த வாகனத்தோடும் இணங்கவேண்டும் என்பதே அதன் இலட்சியமாயிருந்தது. ஆயின் நொக்கியாவின் சந்தை வீழ்ந்தது. அப்பிள் தன் பேசிகளில் அம்முறையை ஏற்கவில்லை. முக்கிய ஆதரவாளராயிருந்த சம்சுங் 2020 ஆம் ஆண்டு தன் பேசிகளில் அதற்கான ஆதரவை நிறுத்திக்கொண்டது. மிரர்லிங்க் ஒன்றையே நம்பி உற்பத்தியான வாகனங்களை வாங்கியோர், வாகனம் நல்ல நிலையில் இருக்கவே, அவ்வசதியை இழந்தனர்.

மற்றொரு முயற்சி போர்ட் நிறுவனத்தின் பக்கத்திலிருந்து வந்தது. அந்நிறுவனம் 2013 ஆம் ஆண்டு தன் இணைப்பு மென்பொருளைத் திறந்த மூலமாக வெளியிட்டது. அதுவே 'ஸ்மார்ட் டிவைஸ் லிங்க்' எனப்பட்டது. 2017 ஜனவரியில் போர்டும் ரொயோட்டாவும் இணைந்து அதற்கென ஒரு கூட்டமைப்பை நிறுவின. இம்முறையிற் பேசி திரை முழுவதையும் கைப்பற்றுவதில்லை. செயலி தன் செய்திகளை மட்டும் அனுப்ப, அவற்றை எவ்வாறு காட்டுவது என்பதை வாகனமே தீர்மானிக்கின்றது. நியாயமான ஏற்பாடாகத் தோன்றினும், செயலிகளை எழுதுவோர் அதனை நாடவில்லை. இரு பெரும் இயங்குதளங்களுக்கு எழுதினாலே உலகின் பேசிகள் அனைத்தையும் ஏறத்தாழச் சென்றடையலாம் என்னும்போது, மூன்றாவது முறைக்காக உழைக்க அவர்களுக்குத் தூண்டுதல் இருக்கவில்லை.

திறந்த நியமம் ஒன்று வெற்றிபெறுவதற்கு அதன் தொழினுட்பச் சிறப்பு மட்டும் போதாது என்பதையே இவ்விரு வரலாறுகளும் காட்டுகின்றன. வானொலித் துவாரத்தின் நியமம் உருவான காலத்தில் வானொலிச் சந்தை பல உற்பத்தியாளரிடையே பகிரப்பட்டிருந்தது. பேசியின் இயங்குதளச் சந்தையோ இருவர் கையிற் குவிந்திருந்தது. சந்தை குவிந்துள்ள இடத்தில் நியமத்தை வகுப்பவரும் சந்தைக்கு உரியவரே ஆகின்றார்.

4. முன்பலகை யாருக்கு உரியது?

வாகனக் கொம்பனிகள் இவ்விருவரின் வருகையை ஒருமனதாக வரவேற்றன என்று கொள்வதற்கில்லை. ரொயோட்டா நெடுங்காலம் தயங்கி நின்று, 2018 ஆம் ஆண்டிலேயே 2019 மாதிரி வாகனத்தில் கார்பிளேயை ஏற்பதாக அறிவித்தது. பி.எம்.டபிள்யூ. நிறுவனம் ஏற்கெனவே வாகனத்தில் அமைந்துள்ள இவ்வசதிக்கு ஐக்கிய அமெரிக்காவில் ஆண்டுச் சந்தா அறவிட முற்பட்டு, வாடிக்கையாளரின் எதிர்ப்பைச் சந்தித்தபின் 2019 டிசம்பரில் அக்கொள்கையைக் கைவிட்டது. வாங்கி முடிந்த பொருளின் பயனை ஆண்டுதோறும் திரும்ப வாங்கவேண்டியிருந்தமையே எதிர்ப்பின் அடிப்படையாகும்.

முரண்பாடு மிகத் தெளிவாக வெளிப்பட்டது ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனத்தின் தீர்மானத்திலாகும். மென்பொருள், சந்தா முதலிய சேவைகளின் மூலம் 2030 ஆம் ஆண்டளவில் ஆண்டுக்கு 2,000 கோடி முதல் 2,500 கோடி வரையான டொலர் வருமானத்தை எதிர்பார்ப்பதாக அந்நிறுவனம் 2021 ஆம் ஆண்டு கூறியிருந்தது. 2023 மார்ச்சில், இனி வெளியிடவுள்ள மின்வாகனங்களில் கார்பிளேயும் அன்ட்ரொயிட் ஓட்டோவும் இடம்பெறமாட்டா என அறிவித்தது. மின்னேற்ற நிலையங்களையும் வழித்தடத்தையும் மின்கலத்தின் நிலையையும் ஒருங்கே கணக்கிட, வாகனத்தில் அமைந்த மென்பொருளே ஏற்றது என்பது அதன் நியாயம். இந்நியாயத்தில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும், புதிய முறையுடன் வெளிவந்த பிளேசர் மின்வாகனத்தின் விற்பனை, மென்பொருட் குறைபாடுகளால் 2023 டிசம்பரில் நிறுத்தப்பட்டு அடுத்த ஆண்டு மார்ச்சிலேயே மீளத் தொடங்கியமை, உரிமையை நிலைநாட்டுவதும் ஆற்றலை நிலைநாட்டுவதும் ஒன்றல்ல என்பதை உணர்த்திற்று.

இப்போட்டியின் உள்ளுறை தரவு ஆகும். ஒருவர் எங்கே போகின்றார், எவ்வேகத்திற் போகின்றார், எங்கே திடீரெனத் தடுப்பை அழுத்துகின்றார் என்ற செய்திகள் விலையுள்ள பண்டங்களாகிவிட்டன. ஜெனரல் மோட்டோர்ஸ் வாகனங்களில் திரட்டப்பட்ட ஓட்டுதல் விவரங்கள் தரவுத் தரகு நிறுவனங்களுக்குச் சென்று, காப்புறுதிக் கட்டணங்களைப் பாதித்தமை 2024 மார்ச்சில் 'நியூயோர்க் ரைம்ஸ்' பத்திரிகையினால் வெளிக்கொணரப்பட்டது. அத்தகைய பகிர்வை ஐந்தாண்டுகளுக்குத் தடைசெய்யும் உத்தரவை ஐக்கிய அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணைக்குழு 2025 ஜனவரியில் முன்வைத்தது. இதனைக் கொண்டு பேசிக் கொம்பனிகள் குற்றமற்றவை என்று முடிவுசெய்தலும் தவறாகும். பேசியின் வழிகாட்டியும் பயணியின் தடத்தைப் பின்தொடர்வதே. ஓட்டிக்கு விடப்பட்டிருக்கும் தெரிவு, எவருடைய கண்காணிப்பின் கீழ்ப் பயணஞ் செய்வது என்பதாகவே சுருங்கியுள்ளது.

5. மறுப்பும் நியாயமும்

இணக்கப்பாட்டை மறுக்கும் நிறுவனங்கள் பெரும்பாலும் பாதுகாப்பையே காரணங்காட்டுகின்றன. இக்காரணத்தை எளிதில் ஒதுக்கிவிடலாகாது. ஓட்டியின் கவனம் சில வினாடிகள் சிதறுவதே உயிராபத்தாகலாம். இதனாலேயே வாகனத் திரையில் எல்லாச் செயலிகளும் அனுமதிக்கப்படுவதில்லை. யூற்றா பல்கலைக்கழக ஆய்வாளர் 2018 ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வொன்று, கார்பிளேயும் அன்ட்ரொயிட் ஓட்டோவும் வாகனங்களின் சொந்த முறைமைகளிலும் பார்க்க ஓட்டியின் கவனத்தைக் குறைவாகவே கோரின எனக் கண்டது. பிரித்தானியாவில் 2020 ஆம் ஆண்டு வெளியான மற்றோர் ஆய்வோ, இவற்றைத் தொட்டு இயக்கும் ஓட்டியின் எதிர்வினை ஆபத்தான அளவுக்கு மந்தமடைவதைச் சுட்டியது. இவை ஒன்றையொன்று மறுப்பன அல்ல. முதலாவது, தீயவற்றுள் குறைந்தது எது என்று கூறுகின்றது. இரண்டாவது, குறைந்ததும் தீயதே என்று கூறுகின்றது.

பாதுகாப்பு என்ற காரணம் உண்மையாகவே பாதுகாப்புக்காகக் கூறப்படுகின்றதா, அன்றிப் போட்டியாளரை வாயிலில் நிறுத்துவதற்காகக் கூறப்படுகின்றதா என்பதைத் தீர்மானிப்பவர் யார் என்பதே முக்கிய வினா. இதற்கு விடையளிக்க முற்பட்ட வழக்கொன்று இத்தாலியில் எழுந்தது. எனெல் எக்ஸ் என்ற நிறுவனம், மின்வாகனங்களுக்கான மின்னேற்ற நிலையங்களைத் தேடுவதற்கு உதவும் தன் செயலியை அன்ட்ரொயிட் ஓட்டோவில் இடம்பெறச் செய்யக் கேட்டபோது கூகிள் மறுத்தது. பாதுகாப்பும், அத்தகைய செயலிகளுக்குரிய மாதிரிச் சட்டகம் இல்லாமையும் காரணங்களாகக் காட்டப்பட்டன. இத்தாலியப் போட்டி அதிகாரசபை 2021 மே மாதம் கூகிளுக்குப் பத்துக் கோடிக்கும் மேற்பட்ட யூரோ தண்டம் விதித்தது. மேன்முறையீட்டின்போது ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றத்தின் கருத்துக் கோரப்பட்டது.

2025 பெப்ரவரி 25 ஆம் திகதி அந்நீதிமன்றம் அளித்த விளக்கம் நம் ஆய்வுக்கு மிகவும் பயன்படுவதாகும். தன் தளத்தைப் பிறர் பயன்படுத்துவதற்கெனவே உருவாக்கிய ஆதிக்க நிறுவனமொன்று ஒரு செயலிக்கு இணக்கப்பாட்டை மறுத்தல், தன் ஆதிக்கத்தைத் துஷ்பிரயோகஞ் செய்வதாகலாம் என்பது அதன் சாரம். பாதுகாப்புக்கு உண்மையில் ஊறு நேருமாயின், அல்லது தொழினுட்ப ரீதியில் இயலாதாயின் மறுப்பு நியாயமாகும். அன்றேல், நியாயமான கால எல்லைக்குள், தேவையெனின் தக்க கட்டணம் பெற்று, அதற்குரிய சட்டகத்தை உருவாக்கிக் கொடுக்க வேண்டும். இணக்கப்பாடு என்பது நிறுவனமொன்றின் விருப்பத்துக்கு உரிய சலுகை என்ற நிலையிலிருந்து, காரணங்காட்டி மட்டுமே மறுக்கக்கூடிய கடப்பாடு என்ற நிலைக்கு நகர்வதை இங்கு காண்கின்றோம்.

6. இரு ஆயுட்காலங்கள்

இதுவரை கூறியவை நிறுவனங்களுக்கிடையிலான முரண்பாடுகள். பொருள்களுக்குள்ளேயே அமைந்த மற்றொரு முரண்பாடு காலம் பற்றியதாகும். பேசி சில ஆண்டுகளில் மாற்றப்படுவது. வாகனமோ ஒரு தலைமுறையின் பாதிக்காலம் உழைப்பது. ஐக்கிய அமெரிக்காவிலேயே பாவனையிலிருந்த இலகு வாகனங்களின் சராசரி வயது 2024 ஆம் ஆண்டு 12.6 ஆண்டுகளாகக் கணிக்கப்பட்டது. இக்கால அளவில் பேசியின் உலகம் பலமுறை மாறிவிடுகின்றது. ஐபோனின் இணைப்புவாயை மட்டும் நோக்குவோமாயின், முப்பது ஊசிகள் கொண்டது 2012 ஆம் ஆண்டு 'லைற்னிங்' ஆயிற்று. 2023 ஆம் ஆண்டு யூ.எஸ்.பி.-சி ஆயிற்று. பிந்திய மாற்றத்துக்குப் பொதுவான மின்னேற்ற வாயை வேண்டிய ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டமே உந்துதலாயிருந்தது. அரசுகள் விரும்புமிடத்து இணக்கப்பாட்டைச் சட்டத்தால் உருவாக்க முடியும் என்பதற்கு இது எடுத்துக்காட்டாகும்.

வாகனத்திலேயே அமைந்த இணைப்பு வசதிகள் இவ்விடர்ப்பாட்டுக்கு மாற்றாகா. ஐக்கிய அமெரிக்காவில் 2022 ஆம் ஆண்டு மூன்றாந் தலைமுறை அலைவரிசைகள் மூடப்பட்டபோது, அவற்றை நம்பியிருந்த பல வாகனங்கள் அவசர அழைப்பு உள்ளிட்ட சேவைகளை இழந்தன. இயந்திரம் பழுதடையாத வாகனம், மென்பொருளால் முதுமை எய்துகின்றது. இம்முதுமையின் சுமை, புதிய வாகனத்தை முதலில் வாங்கியவர் மீதன்றி, அதனை இரண்டாவதாகவும் மூன்றாவதாகவும் வாங்குவோர் மீதே பெரிதும் விழுகின்றது.

7. யப்பானிய வாகனங்களும் இலங்கையும்

இவ்விடத்து இலங்கையின் அனுபவம் நோக்கற்பாலது. இடப்புறமாக வாகனஞ் செலுத்தும் நாடாதலின், அதே வழக்கமுடைய யப்பானிலிருந்து பாவித்த வாகனங்கள் நீண்டகாலமாக இங்கு இறக்குமதியாகின்றன. இவை யப்பானிய உள்நாட்டுச் சந்தைக்கெனச் செய்யப்பட்டவை. வழிகாட்டிப் படம் யப்பானின் வீதிகளையே அறியும். பட்டியல்களும் அறிவுறுத்தல்களும் பெரும்பாலும் யப்பானிய எழுத்திலேயே உள்ளன. யப்பானில் பண்பலை ஒலிபரப்பு 76 முதல் 90 மெகாஹேர்ட்ஸ் வரையாக இருந்து, பின்னர் 95 வரை நீட்டப்பட்டது. இலங்கையிலோ 108 வரை விரிந்துள்ளது. ஆகவே, பழைய யப்பானிய வானொலி இங்குள்ள நிலையங்கள் பலவற்றைக் கேட்கமாட்டாது. அலைவரிசையைக் கீழிறக்கித் தரும் சிறு கருவியொன்றைப் பொருத்தி நம் தொழிலாளர் இக்குறையைத் தீர்த்தனர்.

வானொலியின் குறையை ஒரு சிறு கருவி தீர்த்தது; மென்பொருளின் குறையை அவ்வாறு தீர்த்தல் எளிதன்று. ரொயோட்டா வாகனங்களின் வழிகாட்டிச் சாதனங்கள் பலவற்றில், மின்கலத்தைக் கழற்றி மீண்டும் பூட்டியதும் சாதனம் தன்னைத்தானே பூட்டிக்கொண்டு கடவுச்சொல்லைக் கேட்கும். களவைத் தடுப்பதற்கென அமைந்த இவ்வேற்பாடு, கடலுக்கப்பால் அவ்வாகனத்தை நேர்மையாக விலைகொடுத்து வாங்கியவரை அதன் வானொலிக்கே அந்நியராக்குகின்றது. வீதி வரைபடம் அடங்கிய நினைவட்டை தொலைந்துவிட்டாலும் இதேபோன்ற நிலையே. இத்தகைய சாதனத்தோடு இன்றைய திறன்பேசியை இணைப்பது பற்றிப் பேசவே இடமில்லை. எனவே பலர் அதனை முற்றாக அகற்றி, சீனாவில் உற்பத்தியான அன்ட்ரொயிட் சாதனங்களைப் பொருத்துகின்றனர். அகன்ற துவாரம், மாற்றுச் சட்டம், வயர்களை இணைக்கும் இடைவடம் ஆகியவற்றை அறிந்த திருத்துநரின் கைத்திறனே இங்கு இணக்கப்பாட்டை உருவாக்குகின்றது. பழைய திறந்த துவாரம் எஞ்சியுள்ள வாகனங்களிலேயே இது எளிதாக முடிகின்றது என்பதும், வார்ப்புத் திரையுடைய புதிய வாகனங்களில் இவ்வழியும் அடைபடுகின்றது என்பதும் கவனிக்கத்தக்கன.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களைப் பொறுத்தவரை 2025 பெப்ரவரியிலேயே மீள அனுமதிக்கப்பட்டது. ஏறத்தாழ ஐந்தாண்டுகள் நாட்டின் வாகனங்கள் புதியனவற்றால் நிரப்பப்படாமல் முதிர்ந்தன. பேசிகளோ அக்காலத்திலும் மாறிக்கொண்டேயிருந்தன. மேலே கூறிய இரு ஆயுட்காலங்களின் இடைவெளி இங்கு மேலும் அகன்றது. மேலைநாட்டு வாடிக்கையாளர் தன் அதிருப்தியை அடுத்த வாகனத்தை வாங்கும்போது காட்டலாம். பாவித்த வாகனத்தை வாங்கும் நாட்டினர்க்கு உற்பத்தியாளரோடு எவ்வித ஒப்பந்த உறவும் இல்லை. அவர்களின் குரல் எவ்விடத்தும் பதிவாவதில்லை.

தரவு பற்றிய வினா இங்கும் உண்டு. பேசியை ஒருமுறை இணைத்தாலே தொலைபேசி இலக்கங்களும் அழைப்பு விவரங்களும் பல முன்பலகைச் சாதனங்களிற் பதிவாகின்றன; வீட்டு முகவரி வழிகாட்டியின் நினைவிற் கிடக்கின்றது. வாகனம் கைமாறும்போது இவையும் கைமாறுகின்றன. தனிப்பட்ட தரவுகளின் பாதுகாப்புக்கென 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் இலங்கையில் இயற்றப்பட்டுள்ளது. வாகனத்தையும் தரவு சேகரிக்கும் பொருளாகக் கருதி இச்சட்டம் பற்றிய உரையாடல் விரிவடைதல் வேண்டும். அதுவரை, வாகனத்தை விற்போர் சாதனத்தின் நினைவை முற்றாக அழித்துவிட்டு விற்பதே தற்காப்பாகும்.

8. முடிவாக

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்துச் சில முடிபுகளுக்கு வரலாம். திறன்பேசிக்கும் வாகனத்துக்கும் இடையிலான இணக்கப்பாடு, அடிப்படையில் ஓர் உரிமை உறவாகும். வானொலித் துவாரம் பொதுநியமமாக இருந்த காலத்தில் அவ்வுறவு பயனாளிக்கும் சிறு திருத்துநருக்கும் சாதகமாக இருந்தது. நெறிமுறையும் அத்தாட்சியும் தனியார் சொத்தாகிய பின்னர் அது அவர்களின் கையை விட்டு அகன்றது. மிரர்லிங்க் முறையின் முடிவு, நிறுவனங்களின் தன்னார்வக் கூட்டமைப்பை மட்டும் நம்பியிருத்தல் போதாது என்பதைக் காட்டுகின்றது. மின்னேற்ற வாய் பற்றிய சட்டமும் இத்தாலிய வழக்கும், பொது அதிகாரம் தலையிடும்போது நிலைமை மாறக்கூடும் என்பதைக் காட்டுகின்றன.

ஆகவே கோரிக்கைகள் மூன்றாக அமையலாம். முதலாவது, முன்பலகைச் சாதனத்தின் மென்பொருள் எத்தனை ஆண்டுகள் ஆதரிக்கப்படும் என்பது விற்பனையின்போதே எழுத்தில் தெரிவிக்கப்பட வேண்டும். இரண்டாவது, ஆதரவு நிறுத்தப்படும்போது, பூட்டுக்களைத் திறப்பதற்கும் சாதனத்தை மாற்றுவதற்கும் வேண்டிய விவரங்கள் வாகனத்தின் தற்போதைய உரிமையாளர் எந்நாட்டவராயினும் அவருக்குக் கிடைக்க வேண்டும். மூன்றாவது, பேசி இணையாவிடத்தும் வானொலி, பின்புறக் காட்சி, கண்ணாடியின் பனியகற்றும் கட்டுப்பாடு முதலிய அடிப்படைப் பணிகள் தடையின்றி நடைபெற வேண்டும்.

இவை பெரும் புரட்சியை வேண்டும் கோரிக்கைகள் அல்ல. 180 மி.மீ. அகலமும் 50 மி.மீ. உயரமும் கொண்ட ஒரு துவாரத்தினால் ஒருகாலத்தில் எளிதாகக் கிடைத்த உரிமைகளே இவை. அவற்றை மென்பொருளின் காலத்துக்கு ஏற்ற வடிவில் மீட்டெடுத்தல் பொறியியலாளரால் மட்டும் ஆகக்கூடியதன்று. சட்டத்துறையினரும் பொருளியலாளரும் வாகனத் திருத்துநரும் ஒருங்கு கூடிச் சிந்திக்கவேண்டிய பணி இதுவாகும்.